பின்படிக்கட்டு ஷட்டர் முதலில், ஓ.டி. பாக்கி அடுத்து

கேள்வி: வியாசர்பாடியில் குடியிருக்கிறேன். மாதவரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மூன்று வருஷமாகப் பவர் மிஷின் டெய்லர். இரண்டாவது மாடியில் லைன், மொத்தம் தொண்ணூறு பேர் இருப்போம், முக்கால்வாசி பெண்கள். நாள் சம்பளம் 460. காலை 9 மணியிலிருந்து 5.30 வரை ஷிஃப்ட், நடுவில் அரை மணி சாப்பாடு. வாரத்தில் ஐந்து நாள் 7.30 வரை ஓ.டி. உண்டு. அதற்கும் அதே மணிக்கூலிதான். கேட்டால் "இங்க பீஸ் ரேட்டு மாதிரிதான், டபுள் எல்லாம் கிடையாது, இப்ப சட்டமே மாறிடுச்சு" என்கிறார் ஹெச்.ஆர். போன மாதத் துண்டுச் சீட்டில் இருந்தது இது: 26 நாள் சம்பளம் 11,960, ஓ.டி. 44 மணி 2,530, பி.எஃப். 2,870, ஈ.எஸ்.ஐ. 109, டார்கெட், டேமேஜ் 600, இரண்டு நாள் பத்து நிமிஷம் லேட்டுக்கு அரை நாள் வீதம் 460. கையில் 10,451. சீட்டில் கம்பெனி பெயர் கிடையாது. ஈ.எஸ்.ஐ. அட்டை இன்னும் தரவில்லை. பாத்ரூம் போக டோக்கன். எல்லோரும் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருந்து பார்க்கலாமா என்று பேசிக்கொள்கிறோம். என் அண்ணி கொருக்குப்பேட்டையில் வீட்டிலேயே டிரிம்மிங் பண்ணுகிறார், அவருக்கு ஏதாவது உண்டா? இன்னொன்று, ஓ.டி. நேரத்தில் பீஸ் வெளியே போகிறது என்று பின்படிக்கட்டு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுகிறார்கள், அது சரியா?
— பெயர், முகவரி வேண்டாம் என்ற சகோதரி

பதில்:

சகோதரிக்கு, கடைசி வரியாக நீங்கள் எழுதிய ஷட்டரிலிருந்து தொடங்குகிறோம். சம்பளப் பாக்கியை ஆறு மாதம் கழித்தும் வாங்கலாம். ஷட்டர் விஷயம் அப்படிக் காத்திருக்காது. வழியும் வேறு: ஷட்டருக்கு உங்கள் பெயர் வெளியே தெரியாமல் புகார் செய்ய முடியும், சம்பளத்துக்கு முடியாது. இரண்டையும் ஒரே மனுவில் சேர்த்து எழுதினால் இரண்டுமே நகராது. தனித்தனித் துறை, தனித்தனி அதிகாரி.

வேலை நடக்கும் நேரத்தில் வெளியேறும் வழியைப் பூட்டக் கூடாது. உள்ளே ஆள் இருக்கும்வரை, சாவி இல்லாமல், உள்ளிருந்து யாராலும் திறக்க முடிய வேண்டும். பீஸ் திருட்டு என்ற காரணமெல்லாம் இதில் செல்லாது. 2012 நவம்பர் 24 அன்று டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் ஃபேஷன்ஸ் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது குறைந்தது 112 பேர் இறந்தார்கள். அலாரம் அடித்த பிறகும் வேலையைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பியதும், இழுக்கும் கேட்டுகள் பூட்டிக் கிடந்ததும் அங்கே சாவைக் கூட்டின. அந்தப் பூட்டும் சரக்குக்காகப் போட்டதுதான்.

தையல் கூடத்தில் தீ எப்படிப் போகும் என்று தெரிந்தால் இதன் அவசரம் புரியும். மோட்டாரின் மேலும் டியூப் லைட் பட்டியின் மேலும் பஞ்சுத்தூசு படிந்திருக்கும். ஒரு ஒயர் சூடேறினால் அது பொறிபோலப் பற்றிக்கொள்ளும். பக்கத்திலேயே கட்டிங் துணி, பாலிதீன் கவர், அட்டைப்பெட்டி. சில நிமிஷத்தில் புகை கூரையிலிருந்து தலை மட்டத்துக்கு இறங்கிவிடும். மெயின் டிரிப் ஆனதும் விளக்கு போகும். இருட்டில் எல்லோரும் தினம் ஏறி வந்த முன்படிக்கட்டுக்கே ஓடுவார்கள். புகை அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் மிஞ்சுவது பின்படிக்கட்டுதான். அதனால்தான் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்கிறது விதி. உள்பக்கம் திறக்கும் கதவைப் பின்னால் இருந்து நெருக்கும் கூட்டமே மூடிவிடும். இறக்கிவிடும் ஷட்டர் அவசர வழிக்கே லாயக்கில்லாதது, பூட்டாமல் வைத்திருந்தாலும்கூட.

முதலில் உள்ளேயே கேட்டுப் பாருங்கள், அதுவும் மாற்றுவழியோடு. உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற தள்ளுபார் கதவும், அது திறந்தவுடன் கத்துகிற அலாரமும் போட்டால் பீஸும் போகாது, ஆளும் சாகமாட்டார்கள். அதுவரை ஓ.டி. நேரத்தில் ஷட்டரைத் தூக்கிவைத்து ஒரு செக்யூரிட்டியை நிறுத்தட்டும். சாவியைக் கண்ணாடிப் பெட்டியில் தொங்கவிடுகிறோம் என்பார்கள். புகையில் அந்தப் பெட்டியை யார் தேடுவது?

கேட்கவில்லை என்றால், கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநரகத்துக்கு எழுதுங்கள். பழைய ஆட்கள் "ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்" என்று சொல்வது இதைத்தான். புகார் கொடுத்தது யார் என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது பழைய தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்த விதி. புகாரின் பேரில் வந்தேன் என்று அவர் கம்பெனியிடம் சொல்லக் கூடாது என்பதும் அதில் இருந்தது. மனுவில் நீங்கள் எழுத வேண்டியது அரைப் பக்கம்: கம்பெனி முகவரி, எந்த மாடி, எத்தனை பேர், பின்படிக்கட்டு எந்தத் திசையில், சாவி யாரிடம், படியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் எந்தப் படியில். இதைவிட முக்கியம், மாலை 5.30 முதல் 7.30 வரைதான் பூட்டுகிறார்கள் என்பதை முதல் வரியிலேயே போடுவது. காலை பதினோரு மணிக்கு ஆய்வாளர் வந்தால் ஷட்டர் மேலே ஏறித்தான் இருக்கும். எல்லாம் ஒழுங்கு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஆயத்த ஆடைக் கம்பெனிப் புகார்கள் பல இப்படித்தான் வீணாகின்றன.

இன்னொரு வழி, நீங்கள் தைக்கிற லேபிளின் சொந்தக்காரர். வெளிநாட்டு பிராண்டுக்குத் தைக்கிற கம்பெனியானால் நுழைவாயிலிலோ கேன்டீன் சுவரிலோ அந்த பிராண்டின் நடத்தை விதி தமிழில் ஒட்டியிருக்கும், கீழே புகார் எண் இருக்கும். சம்பளப் பேச்சுக்கு அந்த எண் மெதுவாகத்தான் அசையும். பூட்டிய கதவு என்றால் உடனே அசையும், ஏனென்றால் ஆர்டர் போய்விடும். பிராண்டைக் கையெழுத்துப் போட வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் 2022-இன் திண்டுக்கல் ஒப்பந்தம். பெண் தொழிலாளர்கள் அதிகம் உள்ள தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் முன்னின்று, உற்பத்தி நிறுவனத்தையும் வாங்கும் பிராண்டையும் சேர்த்து, பாலியல் தொந்தரவைத் தடுக்கப் போட்ட ஒப்பந்தம் அது.

மிஷினிலும் நீங்கள் எழுதாத ஆபத்து ஒன்று உண்டு. ஊசிக்கு முன்னால் விரல்காப்புக் கம்பி இருக்கிறதா பாருங்கள். பல லைனில் அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். நூல் கோக்கத் தடை, சீம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது காரணம், உண்மைக் காரணம் டார்கெட். துணி ஓரம் பிணைக்கும் ஓவர்லாக் மிஷினில் கண்ணாடித் தடுப்பு இல்லையென்றால் உடைந்த ஊசி கண்ணுக்கே வரும். விரலில் ஊசி இறங்கிவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஊசி உள்ளே முறிந்துவிடும். மோட்டாரை அணைத்து, கைச்சக்கரத்தை ஊசி மேலே எழும் திசையில் மெல்லச் சுற்றி எடுங்கள். பிறகு ஊசித் துண்டுகளை வெள்ளைத் தாளில் சேர்த்துவைத்து முழு நீளம் வருகிறதா பாருங்கள். சட்டைக்குள் துண்டு போய்விட்டதோ என்று கம்பெனி தேடும். விரலுக்குள் போய்விட்டதோ என்று நீங்கள் தேட வேண்டும். நுனி குறைந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் விடக் கூடாது. டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள், விபத்துப் பதிவேட்டில் தேதியும் நேரமும் எழுதச் சொல்லுங்கள். கட்டிங்கில் இருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: எஃகு வலைக் கையுறை துணியைப் பிடிக்கும் கைக்குத்தான், துணிக் கையுறை போட்டால் கத்தி அதைக் கவ்வி விரலை உள்ளே இழுக்கும். கறை எடுக்கும் ஸ்பாட் கன்னை ஜன்னலில்லாத மூலையில் வைத்து அடிக்கவிட்டால் தலைசுற்றலும் வாந்தியும் வரும். உறிஞ்சும் விசிறி கட்டாயம்.

பாத்ரூம் டோக்கனுக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. டோக்கனுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதால்தான் லைனில் இத்தனை பேருக்குச் சிறுநீர்த் தொற்று. சித்திரை வெயிலில், அதுவும் ஐயர்ன் டேபிள் பக்கம் இருப்பவர்களுக்கு, இது இன்னும் மோசம். ஷட்டர் மனுவிலேயே இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அதே அதிகாரிதான் பார்ப்பார்.

இப்போது பணம். உங்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்போம்.

ஓ.டி.யிலிருந்து தொடங்கலாம். 460-ஐ 8 மணியால் வகுத்தால் மணிக்கு 57.50. ஓ.டி.க்கு இரட்டிப்பு, அதாவது 115. 44 மணிக்கு 5,060 வர வேண்டும், தந்தது 2,530. "சட்டம் மாறிடுச்சு" என்று ஹெச்.ஆர். சொன்னது பாதி உண்மை. 2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய நான்கு சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. ஆனால் இரட்டிப்பு ஓ.டி. பழைய சட்டத்திலும் உண்டு, புதிய ஊதியத் தொகுப்பிலும் உண்டு. வாரம் 48 மணி நேரமும் அப்படியே, மறு மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் என்பதும் அப்படியே. புதியதில் உங்களுக்குச் சாதகமாக வந்தவையும் இருக்கின்றன: நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம், ஓ.டி. பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும். சம்பளத்தோடு விடுப்புக்கு முன்பு ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும், இப்போது 180 நாள் போதும். வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். இதையெல்லாம் ஹெச்.ஆர். சொல்லமாட்டார். தவிர, மாதம் 44 மணி என்றால் மூன்று மாதத்தில் 132. பழைய தொழிற்சாலைச் சட்டம் காலாண்டுக்கு வைத்திருந்த வரம்பு 50 மணி, விசேஷ அனுமதியோடு 75. அந்தக் காரணத்துக்காகவே கம்பெனிகள் ஓ.டி.யை வருகைப் பதிவேட்டில் ஏற்றாமல் தனி நோட்டில் எழுதுகின்றன. உங்கள் சீட்டில் பெயர் இல்லாத மர்மமும் இதுதான்.

பி.எஃப். வரியைப் பார்த்ததும் கணக்குப் போட்டோம். 11,960-க்கு 12 சதவீதம் 1,435. உங்களிடம் பிடித்தது 2,870, சரியாக இரண்டு மடங்கு. முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டிய 12 சதவீதத்தையும் உங்கள் சம்பளத்திலேயே எடுத்திருக்கிறார்கள். எந்தப் பெயரிலும் அப்படிச் செய்யக் கூடாது. கட்டினார்களா என்பதையும் பாருங்கள்: யூ.ஏ.என். எண்ணோடு (உங்கள் பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண்) இணைத்த மொபைலிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியில் வரும். உமங் ஆப்பில் பாஸ்புக்கே பார்க்கலாம். ஒழுங்காகக் கட்டியிருந்தால் மாதத்துக்கு மூன்று தொகை தெரியும்: உங்கள் பங்கு 1,435, முதலாளி பங்கு 439, பென்ஷனுக்கு 996. மூன்றும் இருந்தால், மொத்தத்தையும் கட்டியது நீங்கள்தான். எதுவுமே இல்லையென்றால் விஷயம் இன்னும் பெரிது. இரண்டுக்கும் புகார் பி.எஃப். அலுவலகத்திலேயே, அவர்களுடைய குறைதீர்ப்பு இணையதளம் வழியாக. உங்கள் உறுப்பினர் எண் டி.என்.ஏ.எம்.பி. என்று தொடங்கினால் அம்பத்தூர் அலுவலகம், டி.என்.எம்.ஏ.எஸ். என்றால் சென்னை அலுவலகம். ஓ.டி. தொகைக்கு பி.எஃப். பிடிக்கக் கூடாது, அவர்கள் பிடிக்கவும் இல்லை.

ஈ.எஸ்.ஐ.க்கு மட்டும் ஓ.டி.யும் சேரும். 14,490-க்கு 0.75 சதவீதம் 108.68, அடுத்த ரூபாய்க்கு ஏற்றினால் 109. இந்த ஒரு வரியில்தான் கணக்கு சரி, ஆனால் அட்டைதான் இல்லை. பத்து இலக்க ஐ.பி. எண்ணை, அதாவது உங்கள் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணை, எழுதி வாங்குங்கள். எண் இருந்தால் அட்டையை இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். இது கிடப்பில் போடக்கூடிய விஷயம் இல்லை. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால்தான் காய்ச்சல், ஆபரேஷன் என்று படுக்கும்போது 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள்வரை. பிரசவத்துக்கு 26 வாரம். வேலையில் அடிபட்டால் மட்டும் இந்த நாள்கணக்கு கிடையாது. சேர்ந்த முதல் நாளே விரல் போனாலும் உரிமை உண்டு, அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு நேராகப் போகலாம்.

டார்கெட் 600. சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது, டார்கெட் குறைவு அதில் இல்லை. அபராதம் போடலாம். அதற்கு எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே ஒட்டியிருக்க வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், மாதத்துக்கு மொத்தமே சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது 358 ரூபாய் 80 காசு. டேமேஜ் பிடிப்பதற்கும் உங்கள் கவனக்குறைவால்தான் போனது என்று காட்ட வேண்டும். நூல் மட்டமாக இருந்து சீம் பிரிந்தால் அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

லேட்டுக்குப் பிடிப்பது வராத நேரத்துக்கு மட்டும்தான். 460-ஐ 480 நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு 96 காசு. பத்து நிமிஷத்துக்கு 9 ரூபாய் 58 காசு, இரண்டு நாளுக்கு 19 ரூபாய். 460 பிடித்திருக்கிறார்கள்!

எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் 17,020 சம்பளம், அதில் பி.எஃப். 1,435, ஈ.எஸ்.ஐ. 128, லேட் 19 போக 15,438 கைக்கு வந்திருக்கும். வந்தது 10,451. ஒரு மாதத்தில் 4,987 ரூபாய் வித்தியாசம். மனுவில் இந்த அட்டவணையைத்தான் வைக்க வேண்டும், "சுரண்டுகிறார்கள்" என்ற சொல்லை எழுத வேண்டாம்.

அந்த 460-ஏ குறைவா என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கென்று குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு உண்டு. 2014 அக்டோபரில் திருத்தியபோது நூற்றுக்கணக்கான கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணையை உறுதி செய்தது. அடிப்படைக் கூலி மேல் அகவிலைப்படி ஒவ்வோர் ஏப்ரல் 1-ஆம் தேதியும் ஏறும். ஆகவே "நம்ம ரேட்டு கவர்மென்ட் ரேட்டு" என்றால் எந்த ஆண்டின் ரேட்டு என்று கேளுங்கள். நடப்பு அட்டவணை தொழிலாளர் துறை இணையதளத்தில் இருக்கிறது. அதில் உங்கள் வகையைச் சரியாகப் பாருங்கள். டெய்லராக உட்காரவைத்து, அடையாள அட்டையில் ஹெல்பர் என்று போட்டு, ஹெல்பர் கூலியைக் காட்டுவது பழைய வித்தை. பீஸ் ரேட்டு என்பதும் தப்பிக்கும் வழி அல்ல. பீஸ் கணக்கில் தந்தாலும் அந்த நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது.

டார்கெட் நியாயமா என்பதை நீங்களே அளக்கலாம். போன் ஸ்டாப்வாட்சில் பத்து பீஸ், கட்டுப் பிரிப்பது முதல் திரும்பக் கட்டுவது வரை. ஏழரை நிமிஷம் ஆனால் பீஸுக்கு 45 விநாடி, மணிக்கு 80. பாபின் மாற்ற, நூல் அறுந்து கோக்க, தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக என்று 15 சதவீதமாவது நேரம் சேர்த்தால் 70-க்குத்தான் வரும். அந்த இடத்தில் 110 எழுதி வைத்திருந்தால் டார்கெட் போட்டவர் பாபினே தீராத மிஷினை நினைத்துப் போட்டிருக்கிறார். புது ஸ்டைல் லைனுக்கு வந்த முதல் இரண்டு மூன்று நாள் எந்தக் கையும் முழு வேகத்தில் ஓடாது. அந்த நாள்களுக்கும் அதே எண்ணை வைப்பதில்தான் பெரும்பாலான திட்டு விழுகிறது. அந்தத் திட்டு ஆபாசப் பேச்சாகப் போனாலோ கை மேலே பட்டாலோ, அது சம்பள விவகாரம் இல்லை. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

ஆதாரத்துக்கு லைனில் போட்டோ எடுக்க வேண்டாம், அதையே சாக்காக வைத்து வெளியே அனுப்புவார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தினம் வீட்டுக்கு வந்ததும் தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், என்ன ஸ்டைல், எத்தனை பீஸ், யார் சூப்பர்வைசர் என்று எழுதுங்கள். விட்டுப்போன நாளை யூகித்து நிரப்பாதீர்கள்; ஒரு பொய் வரி அகப்பட்டால் நோட்டே போச்சு. துண்டுச் சீட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள், பெயர் இல்லாவிட்டாலும் சரி, அதே தொகை வங்கிப் பாஸ்புக்கில் வரவாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வெற்றுத் தாளிலும் தேதி போடாத ராஜினாமாவிலும் கையெழுத்து வேண்டாம். கட்டாயப்படுத்தினால் கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதியைக் கொட்டையாக எழுதிவிடுங்கள்.

சம்பள மனு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கு, ஸ்பீட் போஸ்டில். உங்கள் பகுதியை விசாரிக்கும் அதிகாரிக்கு அங்கிருந்து அனுப்புவார்கள். ஒரே மனுவில் பலர் கையெழுத்துப் போடலாம், சங்கமும் உங்களுக்காகப் போடலாம். ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஒருவரைக் குறிவைப்பது கடினம். கோரிக்கைக்குப் புதிய தொகுப்பில் மூன்று ஆண்டு அவகாசம்; பழைய சட்டத்தில் ஆறு மாதம், ஓராண்டு என்றுதான் இருந்தது. 2025 நவம்பருக்கு முந்தைய மாதங்களுக்கு எந்தக் கெடு என்பதில் கம்பெனி வக்கீல் வாதம் செய்வார், அதனால் தள்ளிப்போடாதீர்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, போன் எண் 15100.

ஒரு நாள் எல்லோரும் போகாமல் இருப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முன்னறிவிப்பில்லாமல் பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு வராமல் நின்றால் எட்டு நாள் சம்பளம்வரை பிடிக்கச் சட்டமே வழிவிடுகிறது. புதிய தொழில் உறவுத் தொகுப்பில் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் நோட்டீஸ் வேண்டும். பாதிப் பேர் ஒரே நாளில் லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தக் கணக்கில் சேரும். கோபத்தை நியாயம் என்று ஒப்புக்கொண்டாலும் எட்டு நாள் கூலி 3,680 ரூபாய். அதற்குப் பதில் ஒரு சங்கத்தில் சேருங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பின்னி மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அதை முன்னின்று நடத்திய பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பேசியவற்றில் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. டோக்கனும் அதே வகைக் கோரிக்கைதான், சின்ன விஷயம் என்று கூச்சப்பட வேண்டாம்.

"நாளையிலிருந்து வராதே" என்று வாயால் சொன்னால், மறுநாளும் 9 மணிக்குக் கேட்டில் போய் நில்லுங்கள். உள்ளே விடாவிட்டால் செக்யூரிட்டி பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டு, அன்றே "நான் வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று மூன்று வரி கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்ட். இந்தக் கடிதம் இல்லாதவர்களைத்தான் "தானாக நின்றுவிட்டார்" என்று முடித்துவிடுகிறார்கள்.

அண்ணிக்கு: வீட்டில் டிரிம்மிங், பட்டன், ஹெம்மிங் செய்பவர்களுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடைப்பது அரிது. அவர் தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளட்டும். 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். பிள்ளைகள் படிப்பு, விபத்து, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. வீட்டு வேலையில் சண்டை வருவது பெரும்பாலும் எண்ணிக்கையில்தான். ஏஜென்ட் கட்டு இறக்கும்போது அவர் கண்முன்னால் எண்ணி, "வந்தது 240, ரேட்டு இவ்வளவு" என்று நோட்டில் எழுதி ஏஜென்டிடம் ஒரு சுழி (சின்னக் கையெழுத்து) வாங்கட்டும். திருப்பித் தரும்போது இன்னொரு சுழி.